மாதக் கூட்டம் நடத்தப் போகிறீர்களா? தேதியில் கை வைக்காதீர்கள்

போன மாதம் மூன்று கல்லூரிப் பிள்ளைகள் என்னைப் பார்க்க வந்தார்கள். தங்கள் ஊரில் பைத்தான் என்ற நிரல்மொழிக்குக் குழு ஒன்று தொடங்கப் போகிறார்களாம், மாதம் ஒரு கூட்டமாம். பெயர் வைத்தாயிற்று, லோகோ வரைந்தாயிற்று, ஸ்டிக்கர்கூட அடித்தாயிற்று. "எந்தக் கிழமை?" என்று கேட்டேன். "ஸ்பீக்கர் எப்ப ஃப்ரீயோ அப்ப வெச்சுக்கலாம்ணா" என்றான் ஒருவன்.

எனக்குச் சுருக்கென்றது. திருச்சியில் ஒரு குழுவைச் சில வருடம் நடத்தியவன் நான். இதே பதிலை ஒரு காலத்தில் நானும் சொல்லியிருக்கிறேன், அதற்கான தண்டத்தையும் கட்டியிருக்கிறேன். அன்று அவர்களிடம் அரை மணி நேரம் கத்தியதைத்தான் கொஞ்சம் நிதானமாக இங்கே எழுதுகிறேன். புரொஜெக்டருக்கு எச்டிஎம்ஐ வயர் கொண்டு போங்கள், மைக்கை முதலிலேயே தட்டிப் பாருங்கள் என்பதெல்லாம் இதில் இருக்காது. ஒருமுறை எல்லார் முன்னாலும் விழித்தால் அது தானாகவே வந்துவிடும்.

பேச்சாளருக்காகத் தேதியை மாற்றுவது

எங்கள் கூட்டம் இரண்டாம் சனிக்கிழமை, மாலை மூன்று மணிக்கு. ஒரு கல்லூரியின் கருத்தரங்க அறை. இரண்டு வருடம் பிசகாமல் நடந்தது. முப்பது, முப்பத்தைந்து பேர் வருவார்கள். பெரிய கூட்டம் இல்லைதான், ஆனால் அதில் இருபது பேர் எப்போதும் அதே முகங்கள்.

அப்புறம் பெங்களூரிலிருந்து ஒருவர் பேச ஒப்புக்கொண்டார். பெரிய கம்பெனியில் பெரிய வேலை, நல்ல பேச்சாளர். அவருக்கு மூன்றாம் ஞாயிறுதான் தோது. ஒரே ஒரு தடவைதானே என்று மாற்றினோம். நூறு பேருக்கு மேல் பெயர் கொடுத்தார்கள், எழுபது பேராவது வந்தார்கள். நாற்காலி போதாமல் பக்கத்து அறையிலிருந்து இழுத்துப் போட்டோம். அன்று இரவு நாங்கள் நால்வரும் பரோட்டா கடையில் உட்கார்ந்து ஜெயித்துவிட்டதாகப் பேசிக்கொண்டோம்.

உண்மையில் அன்றுதான் சரிவு தொடங்கியது. அடுத்த மாதப் பேச்சாளருக்கு முதல் சனி வசதிப்பட்டது. போன மாதம் அவருக்காக மாற்றினீர்களே, எனக்கு மாற்ற மாட்டீர்களா என்று அவர் கேட்கவில்லை, ஆனால் கேட்டது போல நாங்களே மாற்றினோம். அதற்கு அடுத்த மாதம் செமஸ்டர் தேர்வு என்று ஒரு வாரம் தள்ளினோம். நான்காவது மாதம் அறையில் பதினோரு பேர். பெங்களூர்க்காரரைக் கேட்க வந்த கூட்டத்தில் திரும்பி வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். பழைய இருபது பேரிலும் பாதியைக் காணோம்.

ஏன் என்பது எனக்குப் புரிய நாளாயிற்று. தவறாமல் வருகிறவர் நம் அறிவிப்பைப் படிப்பதே இல்லை. யார் பேசுகிறார், என்ன தலைப்பு என்றெல்லாம் பார்த்துவிட்டு வருகிறவர் அல்ல அவர். இரண்டாம் சனி என்றால் கிளம்பிவிடுவார், அவ்வளவுதான். வீட்டிலும் அப்படித்தான் சொல்லி வைத்திருப்பார். கல்யாணம், காதுகுத்து வந்தால்கூட "அன்னிக்கு இவருக்கு மீட்டிங்" என்று வீட்டிலேயே பதில் சொல்லும் அளவுக்கு அந்த நாள் பழகியிருக்கும். தேதியை ஒருமுறை மாற்றினால் இந்தப் பழக்கம்தான் அறுகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் அவர் விசாரித்துத் தெரிந்துகொண்டு வர வேண்டும். யார் விசாரிப்பார்கள்?

எனக்கு இன்னும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அரியலூர்ப் பக்கத்திலிருந்து பாலிடெக்னிக் ஆசிரியர் ஒருவர் வருவார். பஸ்ஸில் இரண்டு மணி நேரம். பேசவே மாட்டார், கடைசி வரிசையில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொள்வார். திங்கட்கிழமை அதைத் தன் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதாக ஒருமுறை சொன்னார். நாங்கள் ஞாயிறுக்கு மாற்றிய மாதத்தில் அவர் வழக்கம்போல இரண்டாம் சனிக்கிழமை வந்து பூட்டிய அறை முன்னால் நின்றிருக்கிறார். வாட்ச்மேன்தான் பிறகு என்னிடம் சொன்னார்: "உங்க சார் ஒருத்தர் வந்து ரொம்ப நேரம் நின்னுட்டுப் போனாரு." நான் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லீங்க சார்" என்றார். அப்புறம் அவர் வரவே இல்லை.

இதோடு முடியவில்லை. கல்லூரி எங்களுக்குக் கொடுத்திருந்த அனுமதிக் கடிதத்தில் "ஒவ்வொரு இரண்டாம் சனிக்கிழமையும்" என்று இருந்தது. இரண்டு மாதம் நாங்கள் அந்த நாளைப் பயன்படுத்தாததைப் பார்த்ததும் அறையை வேறொரு பயிற்சி வகுப்புக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. புது இடம் பிடித்து, பழையபடி முப்பது பேரைச் சேர்க்க ஒரு வருடம் ஆனது.

நீண்ட நாள் தாக்குப்பிடித்த குழுக்களைப் பாருங்கள். சென்னையின் லினக்ஸ் பயனர் குழு 1998இல் தொடங்கியது, அவர்களுக்கு இரண்டாம் சனி. சென்னையின் பைத்தான் குழுவான சென்னைப்பைக்கு நான்காம் சனி. இரண்டாம் சனியும் நான்காம் சனியும் 2015 செப்டம்பரிலிருந்து வங்கிகளுக்கு விடுமுறை, இரண்டாம் சனி பல பள்ளிகளுக்கும் விடுமுறை. வேலைக்குப் போகிறவரும் வர முடிகிற நாளாகப் பார்த்து ஒன்றைப் பிடித்துக்கொண்டால் விடக்கூடாது.

பண்டிகை வந்தால்? 2023 ஜனவரியில் இரண்டாம் சனி 14ஆம் தேதி வந்தது, போகி. அந்த மாதிரி மாதத்தில் கூட்டத்தை விட்டுவிடுங்கள், தள்ளி வைக்காதீர்கள். விட்டால் ஒரு மாதம்தான் போகும், தள்ளினால் மறுபடி குழப்பம். டிசம்பரிலேயே அடுத்த வருடத்துக்கான தேதிகளை மொத்தமாக அறிவித்துவிடலாம். அப்படியே ஒன்று: இரண்டாம் சனி வேறு, இரண்டாம் முழு வாரத்துச் சனி வேறு. மாதம் சனிக்கிழமையே பிறந்தால் இரண்டாம் சனி 8ஆம் தேதி வந்துவிடும், இரண்டாம் முழு வாரத்துச் சனியோ 15ஆம் தேதிதான். இதில் சண்டை போட்டவர்களை எனக்குத் தெரியும்.

பேச ஆள் இல்லை என்று கூட்டத்தை ரத்து செய்வது

மேலே சொன்னதன் தம்பி இது. பேச்சாளர் கடைசி நேரத்தில் காலை வாரினால் அறையைத் திறந்து வையுங்கள், போதும். வந்தவர்கள் ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசட்டும். எங்கள் குழுவில் எனக்கு நன்றாக நினைவிருக்கும் கூட்டம் அப்படி நடந்ததுதான். முதலாம் ஆண்டுப் பெண் ஒருத்தி எழுந்து, "தமிழ்" என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைத்தான் 5 என்கிறதே, எழுத்து மூன்றுதானே என்றாள். ஒருவர் போர்டில் எழுதினார்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு இவற்றைத் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது, பைத்தான் எண்ணுவதும் அதைத்தான். உடனே இன்னொருவர் தமிழுக்கென்றே எழுதிய ஓப்பன்-தமிழ் என்ற நிரல் தொகுப்பை எடுத்து எழுத்து எழுத்தாகப் பிரித்துக் காட்டினார். அப்படியானால் சொல்லைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டு, குறிகள் முன்னும் பின்னுமாகச் சிதறியதைப் பார்த்துச் சிரித்து, வாட்ச்மேன் வந்து விளக்கை அணைக்கும் வரை போனது. எந்த ஸ்லைடும் இல்லை.

அரங்கில் வைத்து இன்ஸ்டால் செய்யச் சொல்வது

பயிற்சிப் பட்டறை வைக்கிறவர்கள் எல்லாரும் செய்வது. செயற்கை நுண்ணறிவு வேலைக்கான பைடார்ச் தொகுப்பில், ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) ஆதரவோடு வரும் கோப்பு மட்டுமே பல நூறு எம்.பி., 700 என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது பேர் ஒரே நேரத்தில் இறக்கினால் 28 ஜி.பி. கல்லூரி வைஃபை அதோடு படுத்துவிடும். முந்தின நாள் பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப் கருவியில் டவுன்லோட் கொடுத்து எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் இறக்கிக்கொள்ளுங்கள், நான்கைந்து பென்டிரைவில் போட்டுச் சுற்றுக்கு விடுங்கள், நெட்டைத் தேடாமல் அந்த ஃபோல்டரிலிருந்தே நிறுவச் சொல்லுங்கள். ஒரு எச்சரிக்கை. அது உங்கள் மெஷினுக்கும் உங்கள் பைத்தான் பதிப்புக்கும் ஏற்ற கோப்பைத்தான் இறக்கும். லினக்ஸில் இறக்கியதைக் கொண்டுபோய் விண்டோஸ் பிள்ளைகளிடம் நீட்டி நான் அசடு வழிந்திருக்கிறேன்.

எல்லாரையும் எழுந்து அறிமுகம் செய்துகொள்ளச் சொல்வது

முப்பத்தைந்து பேர், ஆளுக்கு ஒரு நிமிடம். பாதி நேரம் போயிற்று. அதுவும் இங்கிலீஷில் என்றால், புதிதாக வந்த பிள்ளை தன் முறை வரும் வரை வியர்த்துக்கொண்டே இருப்பான், அடுத்த மாதம் வர மாட்டான். நடத்துகிறவர் முதல் வாக்கியத்தைத் தமிழில் பேசினாலே இந்தப் பயம் பாதி போய்விடும். அறிமுகமெல்லாம் டீ குடிக்கும்போது தானாக நடக்கும்.

இடம் கொடுத்த கம்பெனியின் விளம்பரம்

ஐந்து நிமிடம். ஆறாவது நிமிடம் மைக்கை வாங்கிவிடுங்கள்.

பெயர் கொடுத்தவர் எண்ணிக்கையை நம்பி சமோசா சொல்வது

பாதி சொல்லுங்கள். மழை வந்தால் கால் பங்கு.

டி-ஷர்ட்

முதல் வருடம் வேண்டாம்.

சாவி ஒரே ஆளிடம் இருப்பது

எனக்கு டெங்கு வந்து படுத்த மாதம்தான் இது தெரிந்தது. அறைச் சாவி யாரிடம் வாங்குவது, அனுமதிக் கடிதத்தின் நகல் எங்கே, வாட்ச்மேன் நம்பர் என்ன, எதுவும் மற்ற மூவருக்கும் தெரியவில்லை. வந்தவர்களை வராந்தாவில் உட்கார வைத்துக் கூட்டம் நடத்தியிருக்கிறார்கள். நடத்தினார்கள் என்பதே எனக்கு ஆச்சரியம். அந்த மூன்று பிள்ளைகளும் கிளம்பும்போது இதைத்தான் கடைசியாகக் கேட்டேன்: "சாவி யார்கிட்ட இருக்கும்?" ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸ்டிக்கர் ஒன்று கொடுத்துவிட்டுப் போனார்கள். லேப்டாப்பில் ஒட்டியிருக்கிறேன்.