பட்டாசலில் ஒரு நூல் சுவர்

கண்ணாடி இல்லாத இடத்தில் கண்ணாடிச் சுவர் நிற்பதுபோல் காட்ட வெறும் நூல் போதும் என்று காட்டியவர் அமெரிக்கச் சிற்பி பிரெட் சாண்ட்பேக் (1943–2003). பொருளை வைக்காமலே அறையைப் பிரித்துக்காட்டும் வித்தை. திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய வீட்டுப் பட்டாசல், அதாவது வீட்டின் கூடம், இதற்கு அருமையான இடம்.

10 அடி உயரக் கூரை, அங்கிருந்து இறங்கித் தரையில் ஓடி மறுபடி மேலே ஏறும் 5 அடி அகல 'ப' வடிவம் என்றால் நூல் 25 அடி. முடிச்சுக்கும் சேர்த்து 28 அடி வெட்டுங்கள். அக்ரிலிக் கம்பளி நூல்தான் நல்லது. பருத்தி நூல் ஈரக்காற்றில் இழுவை மாறிக் கோடு கோணும். ஒரே நிறம் போதும்.

மேலே விட்டத்தில் இரண்டு சிறு கொக்கி. சுண்ணாம்புச் சாந்தில் மட்டும் துளைக்காதீர்கள், பொலபொலவென உதிரும். அங்கிருந்து தூக்குக்குண்டு விட்டு, தரையில் நேர் கீழே குறியிடுங்கள். கண்மதிப்பு வேண்டாம், அரை அங்குலம் சாய்ந்தாலும் 'சுவர்' கலைந்து வெறும் நூலாகிவிடும். தரைத் துளையை ஓட்டு இணைப்பில் போட்டால் விரிசல் வராது.

இழுவைதான் கஷ்டம். விரலால் சுண்டினால் நூல் சட்டென்று நிற்க வேண்டும். தொய்ந்தால் ஆடும், மிகையாக இழுத்தால் மெலிந்து பளபளக்கும், கம்பளியின் மென்மை போய்விடும்.

மின்விசிறியை நிறுத்துங்கள். குவிவிளக்கும் வேண்டாம்: நிழல் விழுந்து கேட்காத இரண்டாவது கோடு முளைக்கும். தார்சா (வீட்டு முன்பக்கத் திண்ணைப் பகுதி) வழி வரும் பகல் வெளிச்சமே தாராளம். பிள்ளைகள் ஓடும் வீடென்றால் வழியை விட்டு ஓரமாகக் கட்டுங்கள்.