வகுப்பில் நாடகக் காட்சி: வெட்டக் கூடாத வரிகளை வெட்டுவதும் பிற தவறுகளும்

இலக்கிய வகுப்பில் ஒரு செவ்வியல் நாடகத்தின் காட்சியை நடித்துக் காட்ட முனையும் மாணவர்களிடம், என் மாணவப் பருவத்துப் பிழைகளே வரிசை மாறாமல் திரும்ப வருவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். வசனத்தை மறப்பதும், பாதியில் சிரித்துவிடுவதும் இரண்டாம் ஒத்திகையில் தாமே சரியாகிவிடும் என்பதால், அவற்றைப் பற்றி இங்கே எழுதவில்லை.

குறுவரிகளை நீக்குதல்

வகுப்பு நேரத்துக்குள் முடிய வேண்டும் என்பதற்காகக் காட்சியைச் சுருக்குவதில் குற்றமில்லை. ஆனால், சுருக்குபவர்கள் நீண்ட பேச்சுகளை அப்படியே வைத்துக்கொண்டு, ஓரிரு சொல்லில் அமைந்த கேள்வி பதில்களையே முதலில் அடித்துவிடுகிறார்கள்.

ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகத்தில், இரண்டாம் அங்கத்தின் இரண்டாம் காட்சியை நானும் அவ்வாறே சிதைத்தேன். மன்னன் டங்கனின் கொலை மேடையில் காட்டப்படுவதில்லை. கொன்றுவிட்டு வந்த மேக்பெத்தும் அவன் மனைவியும் இருளில், ‘எப்போது?’, ‘இப்போதுதான்’, ‘நான் இறங்கி வந்தபோதா?’, ‘ஆம்’ என்று துண்டு துண்டாகப் பேசிக்கொள்வதில்தான் அதன் நடுக்கம் நமக்குத் தெரிகிறது. அந்த வரிகளில் நடிப்பதற்கு ஒன்றுமில்லை என்று நீக்கிவிட்டு, உறக்கத்தையே கொன்றுவிட்டதாக மேக்பெத் புலம்பும் பகுதியை உரக்க முழங்கினேன்.

அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. குறுவாள்களை ஏன் இங்கே கொண்டுவந்தாய் என்று மனைவி கேட்கும் வரியையும் வெட்டியிருந்தேன். அவை மன்னனின் அறைக் காவலர்களுடையவை; பழி அவர்கள்மீது விழ வேண்டுமானால் அங்கேதான் கிடக்க வேண்டும். மேக்பெத் திரும்பிப் போக மறுப்பதால், அவளே அவற்றை வாங்கிக்கொண்டு போகிறாள். அந்த வரி இல்லாததால் என்னிடமிருந்து அவற்றை வாங்க எவருமில்லை. கதவு தட்டும் ஓசை கேட்டபோது, இரண்டு அட்டைக் கத்திகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். வகுப்பு வாய்விட்டுச் சிரித்தது. ‘காவலர்மேல் பழி எப்படி விழுந்தது?’ என்று ஆசிரியர் கேட்டதற்கு என்னிடம் விடையில்லை.

இதே காட்சியில் இதே வரியை மற்றொரு குழு வெட்டும்போது இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. அக்கால நாடகங்களில் தனி மேடைக் குறிப்புகள் குறைவு. யார் எதைக் கையில் வைத்திருக்கிறார், எந்த ஓசை கேட்கிறது, எப்போது வெளியேறுகிறார் என்பதெல்லாம் பெரும்பாலும் வசனத்துக்குள்ளேயே இருக்கின்றன. ஆகவே, ஒரு பொருள் கைமாறும் வரி, ஒருவர் வரவோ போகவோ காரணமாகும் வரி, ஓசையைக் குறிக்கும் வரி ஆகியவற்றை முதலில் அடிக்கோடிட்டுவிட்டு, அதன் பிறகே வெட்டத் தொடங்க வேண்டும். நீண்ட பேச்சின் நடுவில் நான்கு வரி குறைந்தால் பெரும்பாலும் கதை அறுவதில்லை.

கையில் தாள்

படித்து நடிப்பதை நான் தடுப்பதில்லை. ஆனால், குறுவாளை வாங்க வேண்டியவரின் கையில் தாள் இருக்கக் கூடாது.

ஒலி

கதவு தட்டுவதைக் கைப்பேசியில் ஒலிக்கவிடாமல், மறைவில் ஒருவர் மரப்பலகையில் தட்டட்டும். நடிப்பவரின் தயக்கத்துக்கு ஏற்ப அவரால் காத்திருக்க முடியும்.

உடை

ஒரு மேலங்கி போதும்.

முன்கதை

இரண்டு வாக்கியங்களுக்கு மேல் சொல்ல வேண்டாம்.