எம்பிஏ வகுப்பில் அரசியல் பேச்சை எடுப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பகுதிநேர எம்பிஏ படித்தபோது எனக்கு ஒரு அசைன்மென்ட் வந்தது: வகுப்பில் இருப்பவர்கள் நாட்டு அரசியலையும் ஆட்சி நடத்துகிறவர்களையும் எப்படிப் பார்க்கிறார்கள் என்று விசாரித்து எழுத வேண்டும். நானும் இருபது கேள்வியோடு ஒரு கூகுள் ஃபார்ம் அனுப்பினேன். வந்த பதில்கள் எல்லாம் ஒரே அச்சு. ஊழல் ஒழிய வேண்டும், நாட்டைக் கம்பெனி மாதிரி நடத்த நல்ல சிஇஓ வேண்டும். மதிப்பெண் வந்தது, யார் மனதில் என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. அப்புறம் ஜூனியர்களுக்கு உதவியபோது வேறு மாதிரி செய்து பார்த்தோம்.

முதலில் அனுமதி. சலிப்பான வேலைதான், விட முடியாது. ஒருவருடைய அரசியல் சார்பு இங்கே போப்பியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு உள்ள தகவல். எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், பெயரும் வேலை இடமும் குறிக்காதீர்கள், கல்லூரியின் ஆய்வு நெறிமுறை ஒப்புதல் வேண்டுமா என்று முதல் வாரமே கேட்டுவிடுங்கள்.

யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்கவே வேண்டாம். 2024 தேர்தலில் ஆளும் கட்சியான ஏஎன்சி 1994க்குப் பிறகு முதல் முறையாகப் பெரும்பான்மையை இழந்தது, 400இல் 159 இடம்தான். நம் குவாசுலு-நட்டால் மாகாணச் சட்டமன்றத்தில் எம்கே கட்சி 80இல் 37 பிடித்தும் வெளியே நிற்க, ஐஎஃப்பி, ஏஎன்சி, டிஏ, என்எஃப்பி ஆகிய நான்கு கட்சிகளும் 41 பேரைச் சேர்த்து ஆட்சி அமைத்தன. நீங்கள் சேர்ந்து படிக்கும் சிண்டிகேட் குழுவில் ஐந்து பேரும் ஐந்து கட்சியாக இருக்கலாம், அவர்களோடு இன்னும் ஒரு வருஷம் குப்பை கொட்ட வேண்டும்.

அதற்குப் பதிலாக அரசு எடுத்த ஒரே ஒரு முடிவை மேசையில் வையுங்கள். 2025 வாட் வரி விவகாரத்தைப் போல இதற்குத் தோதான கேஸ் எனக்குத் தெரிந்து கிடையாது. வாட்டை 15 சதவீதத்திலிருந்து 17 ஆக்கும் திட்டத்தோடு பிப்ரவரி 19 அன்று நிதியமைச்சர் கொடோங்வானா பட்ஜெட் வாசிக்க இருந்தார், ஆளும் கூட்டணிக்குள் ஒத்துவராததால் அன்றைக்கே தள்ளிப்போட்டார்கள். மார்ச்சில் அரை அரை சதவீதமாக இரண்டு வருஷத்தில் ஏற்றலாம் என்று மறுபடி வந்தார். ஆட்சியில் பங்கு வகிக்கும் டிஏவே நாடாளுமன்றத்தில் எதிர்த்து வாக்களித்து, நீதிமன்றத்துக்கும் போனது. ஏப்ரல் கடைசியில் உயர்வை வாபஸ் வாங்கினார்கள், மே மாதம் மூன்றாவது பட்ஜெட். மூன்று வருஷத்தில் ஏறக்குறைய 75 பில்லியன் ராண்ட் வருமானம் கையை விட்டுப் போனது.

இதைச் சொல்லிவிட்டு, "நீங்கள் கொடோங்வானா இடத்தில் இருந்தால் அந்தப் பணத்துக்கு எங்கே போவீர்கள்?" என்று கேளுங்கள். அவ்வளவுதான், பேச்சு தானாக வரும். கணக்குத் துறைக்காரர் செலவை வெட்டு என்பார், எந்தச் செலவை என்று கேட்டால் ஆசிரியர் சம்பளத்தில் வந்து நிற்பார், அங்கே அவர் அக்காவே ஆசிரியர். கூடவே ஒரு சின்னக் கேள்வி: பாட்டி வாங்கும் அரிசிக்கும் காய்ந்த பருப்புக்கும் வாட் உண்டா? கிடையாது, அவை பூஜ்ய வரிப் பட்டியலில் இருக்கின்றன. ஏழைகளுக்காகப் பேசுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

சிஇஓ பதில் எப்படியும் வரும். மறுத்து வாதாடாதீர்கள், உதாரணம் காட்டிக் கேளுங்கள். ஜனாதிபதி ரமபோசாவே ஷண்டுகா என்ற முதலீட்டுக் கம்பெனியைத் தொடங்கி, மெக்டொனால்ட்ஸின் தென்னாப்பிரிக்க உரிமத்தை வைத்திருந்த தொழிலதிபர்தானே? அரசு மின் நிறுவனமான எஸ்காமுக்கு நாம்பாக் என்ற பேக்கேஜிங் கம்பெனியிலிருந்து டி ராய்ட்டரை சிஇஓவாகக் கொண்டுவந்தார்கள், அவர் போன அதே 2023தான் மின்வெட்டில் மிக மோசமான வருஷம். குறை ஆளிடமா, அவர் கையைக் கட்டிப்போட்ட அமைப்பிடமா? இதற்கும் மேலே போக வேண்டுமென்றால், நஷ்டம் வரும் கிளையை ஒரு சிஇஓ மூடுவார், ஜனாதிபதி டர்பன் பக்கத்து உம்லாசி குடியிருப்பை மூட முடியுமா என்று கேளுங்கள். எனக்குக் கிடைத்த நல்ல பதில்களில் பாதி இந்தக் கேள்விக்குப் பிறகு வந்தவை. இந்த சிஇஓ ஆசை பாதி சோம்பேறித்தனம் என்பது என் கருத்து, அதை அறிக்கையில் எழுதிவிடாதீர்கள்.

வகுப்பில் வாயே திறக்காதவர்களைக் கவனியுங்கள். நகராட்சியிலோ துறைமுகத்திலோ வேலை பார்க்கிறவர்கள் பத்துப் பேர் முன்னால் பேச மாட்டார்கள், ஆனால் டெண்டர் எப்படி நகர்கிறது, எங்கே நிற்கிறது என்று தெரிந்தவர்கள் அவர்கள்தான். 2023 கடைசியில் டர்பன் துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் வரிசை கட்டி நின்றபோது வகுப்பில் எல்லாரும் துறைமுகத்தை நடத்தும் அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட்டைத் திட்டினோம். பாரந்தூக்கிக்கு உதிரிபாகம் வாங்க எத்தனை கையெழுத்து வேண்டும் என்று ஒருவர் பிறகு டீ குடிக்கும்போதுதான் சொன்னார். தனியாக உட்காருங்கள், ரெக்கார்டரை எடுக்காதீர்கள், பேசி முடிந்ததும் எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதும்போது சராசரி எடுக்காதீர்கள். இருபது பேரை வைத்து "எம்பிஏ மாணவர்கள் நினைக்கிறார்கள்" என்று எழுத முடியாது. ஒவ்வொரு கருத்துக்குப் பக்கத்திலும் தனியாரா, அரசா, சொந்தக் கடையா என்று மட்டும் போடுங்கள், இவர் ஏன் இப்படிச் சொல்கிறார் என்பது அதிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். கொடுக்கும் முன் அவரவர் பகுதியை அவரவரிடம் காட்டி, வேண்டாததை அடிக்கச் சொல்லுங்கள். அதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள், பரீட்சை நேரமாக இருந்தால் இரண்டு.