பாறைக் கரைக்குப் போகிறீர்களா?

பஸ் ஏறினால் போய்விடலாம் என்பதாலேயே நகரத்தை ஒட்டிய பாறைக் கரையைப் பூங்கா மாதிரி நினைத்து வருகிறார்கள். எனக்குப் பதறும். கிளம்பும் நேரத்தைக் கடலைக் கேட்டுத்தான் வைக்க வேண்டும்.

முந்தின நாளே அந்த இடத்துக்கான ஓத அட்டவணையை, அதாவது கடல் தண்ணீர் எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு வற்றும் என்ற பட்டியலைப் பாருங்கள். கடல் முழுதாக வற்றுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு நான் பாறையில் இறங்குவேன். வற்றியதும் திரும்ப ஆரம்பித்துவிடுவேன். நாளுக்கு இருமுறை ஏறி வற்றும் கரைகளில் தண்ணீர் முழுதாக ஏற ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். ஆனால் சீராக ஏறாது. நடுவில் வரும் இரண்டு மணி நேரத்திலேயே ஏறக்குறையப் பாதி உயரம் ஏறிவிடும். ஒருமுறை குட்டை ஒன்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். கால் நனையாமல் தாண்டி வந்த இடுக்கில், திரும்பும்போது தொடையளவு தண்ணீர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் அதிகமாக வற்றும், அதிகமாக ஏறும். நேற்றைய நேரமும் இன்றைக்கு உதவாது. தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும்.

இறங்கும்முன் மேலேயே நின்று கால் மணி நேரம் அலையைப் பாருங்கள். பத்து அலை சாதுவாக வரும், அப்புறம் ஒன்று எகிறி அடிக்கும். பாறை எதுவரை நனைந்திருக்கிறதோ அதுவரை வந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். கடலுக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கவே எடுக்காதீர்கள்.

செருப்பு வேண்டாம், அடி நன்றாகப் பிடிக்கும் ஷூ போடுங்கள். கொட்டலசு (பாறையில் ஒட்டி வாழும், கூரான ஓடுள்ள சின்னக் கடலுயிர்) ஒட்டிய சொரசொரப்பில் கால் நிற்கும், ஆனால் கையை ஊன்றினால் கிழிக்கும். கறுப்பாகவோ பச்சையாகவோ மினுங்கினால் அது பாசி, வழுக்கும்.

குட்டை கிடைத்தால் உங்கள் நிழல் தண்ணீரில் விழாதபடி குந்தி, அசையாமல் இருங்கள். இரண்டு நிமிடத்தில் செத்த சங்கு என்று நினைத்தது நடக்கும், உள்ளே நண்டு. பாறையில் தொப்பி கவிழ்த்தாற்போல் ஒட்டியிருக்கும் நத்தையைப் பெயர்க்காதீர்கள். தண்ணீர் மூடியதும் மேயப் போய், பல சமயம் புறப்பட்ட அதே இடத்துக்கே திரும்பி வரும். அந்த இடத்துக்குப் பொருந்தும்படி ஓட்டின் விளிம்பே அமைந்திருக்கும். கல்லைப் புரட்டினால் பழையபடியே வைத்துவிடுங்கள், அடியில் இருப்பவை வெயில் தாங்காது.

பலத்த மழைக்குப்பின் நகரத்துச் சாக்கடை கடலில் கலக்கும். அந்த நாட்களில் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

பாறை மறைவில் சிக்னல் கிடைக்காமல் போகலாம். எத்தனை மணிக்குள் மேலே ஏறிவிடுவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஏறியதும் முதல் போன் அவருக்கு.