குரோம் பம்பரில் துளையிடும் முன்

நான்கு சக்கரங்களுக்கும் இயந்திர விசை செல்லும் பழைய (4x4) வண்டிகளின் குரோம் பம்பரில் துரு பெரும்பாலும் பளபளக்கும் முகப்பில் அல்ல, முலாம் மெலிதாகப் படிந்திருக்கும் உட்புறத்தில்தான் தொடங்குகிறது. பனிவிளக்கோ இழுவைக் கொக்கியோ பொருத்தத் துளையிடும்போது, மாஸ்கிங் டேப் ஒட்டி, முகப்பிலிருந்து உள்நோக்கி மெதுவாகத் துளைத்தால், விளிம்பில் முலாம் உரிந்து எழும்புவது குறையும். அங்கே தெரியும் வெற்று இரும்பில் அன்றே துத்தநாகப் பிரைமர் பூச வேண்டும். உட்புறத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு தடுப்பு பிரைமரும் பெயின்ட்டும் அடித்து, தூரிகை எட்டாத மடிப்புகளில் மெழுகுப் பூச்சைத் தெளிப்பது நல்லது. சேறு தங்கும் அடிமடிப்பில் நீர் வடிய வழியில்லையென்றால், எவ்வளவு உயர்ந்த பூச்சும் வீண்தான். வெல்டிங் தேவைப்பட்டால், அவ்விடத்துக் குரோமை முகக்கவசம் அணிந்து முன்னதாகவே நீக்கிவிட வேண்டும். அது சூடேறி எழுப்பும் புகை நஞ்சாகும்.