சின்னப் பீரங்கிப் படகின் பணி வரலாற்றைத் தொகுப்பது எப்படி?

வியட்நாம் போர்க்கால அமெரிக்கப் படகு என்றால், பெயரை நம்பி ஆரம்பிக்காதீர்கள். அமெரிக்கக் கடற்படையில் 'ஆஷ்வில்' என்ற பெயரில் மட்டும் நான்கு கலங்கள்: 1942 மார்ச் 3 அன்று ஜாவாவுக்குத் தெற்கே ஜப்பானியர் மூழ்கடித்த பீரங்கிக் கப்பல், அதே இரண்டாம் உலகப் போர்க்கால ஃபிரிகேட் (துணைக் காவல் கப்பல்), 1966-இல் பணியில் சேர்ந்த ரோந்துப் பீரங்கிப் படகு, 1991-இல் வந்த நீர்மூழ்கி. கலத்துக்குக் கடற்படை தந்த எண்ணைப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அதுவும் காலை வாரும். 1942-இல் அந்த ஃபிரிகேட்டின் எண் பி.ஜி. 101 (பி.ஜி. என்பது பீரங்கிப் படகுக்கான குறி), 1969-இல் அதே எண் கிரீன் பே என்ற வேறொரு படகுக்கு. 1966-இன் ஆஷ்விலோ முதலில் பி.ஜி.எம். (மோட்டார் பீரங்கிப் படகு) 84, 1967 ஏப்ரலுக்குப் பிறகுதான் பி.ஜி. 84. பெயர், எண், ஆண்டு மூன்றும் ஒத்துவந்தால் மட்டுமே தாளைக் கோப்பில் சேருங்கள்.

அடுத்து டெக் லாக், அதாவது கப்பலில் அன்றாடம் எழுதும் நிகழ்வுப் பதிவேடு. வியட்நாம் காலத்து லாக்குகள் மேரிலாந்து காலேஜ் பார்க்கில் உள்ள அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு நாளும் 00-04 வாட்ச் (நள்ளிரவு முதல் காலை 4 மணி வரையிலான காவல் முறை) பதிவை முதலில் படியுங்கள். எங்கே, யாருடைய கட்டளையில், எந்த நிலையில் என்ற விவரம் அங்கேதான். பிந்தைய வாட்ச்களில் பெரும்பாலும் 'முன்போலவே ஓட்டத்தில்' என்று எழுதி முடித்துவிடுவார்கள்.

அதிகம் பேர் சறுக்குவது நேரத்தில். தென் வியட்நாம் கடற்கரையில் லாக் நேரம் -8 மண்டலம், அதாவது கிரீன்விச் நேரம் வேண்டுமென்றால் 8 மணி கழிக்க வேண்டும். கப்பல் அனுப்பிய செய்தித் தந்திகளோ கிரீன்விச் நேரத்தில் இருக்கும். 14-ஆம் தேதி 02:30-க்கு லாக்கில் பதிவான துப்பாக்கிச் சூடு, தந்தியில் 13-ஆம் தேதி 18:30 என்று வரும். மாற்றிப் பார்க்காவிட்டால் ஒரே மோதல் உங்கள் பட்டியலில் இரண்டாகிவிடும்.

எந்த எஞ்சின் ஓடியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 1966-இன் ஆஷ்வில் வகைப் படகுகளில் இரண்டு டீசல், ஒரு கேஸ் டர்பைன். டீசலில் சுமார் 16 நாட் (மணிக்கு 16 கடல் மைல்) வேகம்தான். சாதாரண ரோந்துக்கு அது போதும். டர்பைனைப் போட்ட பதிவு வந்தால் துரத்தலா, சோதனை ஓட்டமா, அவசரப் பயணமா என்று முன்பின் வரிகளில் தேடுங்கள்.

கடைசிக் கட்டத்தில் படகின் பணி நீக்கம், கடற்படைக் கலப் பட்டியலிலிருந்து நீக்கம், கைமாற்றம் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள். இதே வகைப் படகுகளில் பெனிசியா 1971-இல் தென் கொரியாவுக்கும், டிஃபையன்ஸும் சர்ப்ரைஸும் 1973-இல் துருக்கிக்கும் போயின. அங்கே பெயரும் மாறியது. அதற்கு மேல் அமெரிக்க லாக் கிடையாது, அந்தந்த நாட்டுக் கடற்படைப் பதிவில்தான் தேட வேண்டும். சேஹாலிஸ் போல ஆய்வுக் கலமாகி 'அதீனா' ஆனவற்றுக்குப் போர்க்கப்பல் எண்ணே இருக்காது. புதுப் பெயரில் தேடுங்கள்.