ஸ்பீக்கரை மாற்றலாமா என்று யோசிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

கம்ப்யூட்டரோடு இணைத்திருந்த என் பழைய ஸ்பீக்கரில் ராத்திரி வீடு அடங்கிய பிறகு மட்டும் 'உம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் கேட்கும். பாட்டு ஓடும்போது தெரியாது, நிறுத்தினால் தெரியும். பல வருடம் உழைத்த ஸ்பீக்கர், ஆயுள் முடிந்துவிட்டது போல என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டு புதியது வாங்கினேன். பெட்டியைப் பிரித்து, வயரைச் செருகி, ஆன் செய்தால் அதே 'உம்ம்ம்'. இந்த முறை இன்னும் தெளிவாகக் கேட்டது, நல்ல ஸ்பீக்கர் அல்லவா! ஒரு வாரம் கழித்து ஏதோ வேலையாக லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன், இரைச்சல் கப்பென்று நின்றது.

என்ன கோளாறு என்று கண்டுபிடிக்காமல் பெட்டியை மாற்றுவதுதான் முதல் தவறு. எனக்கு நடந்தது எர்த் வளையம். கம்ப்யூட்டர் ஒரு பக்கம் கரண்ட் எடுக்கிறது, ஸ்பீக்கர் இன்னொரு பக்கம் எடுக்கிறது, நடுவில் ஆடியோ வயரும் இரண்டையும் சேர்க்கிறது. இப்படி எர்த்துக்கு இரண்டு பாதை கிடைத்துவிட்டால் அந்த வளையத்தில் சின்னதாக ஒரு மின்னோட்டம் சுற்றும், அது ஆடியோ வயரிலும் ஏறி உறுமலாகக் கேட்கும். மவுஸை நகர்த்தும்போது 'கீச்' என்று கேட்கும் சத்தமும் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான்.

சோதிப்பது சுலபம். ஆடியோ வயரை ஸ்பீக்கர் பக்கத்தில் கழற்றுங்கள், கம்ப்யூட்டர் பக்கத்தில் அல்ல. அந்தப் பக்கம் கழற்றினால் தொங்கும் முனையே ஆன்டெனா மாதிரி இரைச்சலை இழுத்துக்கொண்டு வந்து உங்களைக் குழப்பும். எதுவுமே இணைக்காத நிலையிலும் ஸ்பீக்கர் உறுமினால் கோளாறு ஸ்பீக்கரிலோ அதன் அடாப்டரிலோ இருக்கிறது, மாற்றுவதில் நியாயம் உண்டு. அமைதியாகிவிட்டால் ஸ்பீக்கர் நிரபராதி. கம்ப்யூட்டர், ஸ்பீக்கர் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகிப் பாருங்கள், தீரவில்லை என்றால் ஆடியோ வயருக்கு நடுவே போட்டு எர்த் வளையத்தை அறுக்கும் சின்ன ஐசோலேட்டர் ஒன்று போதும், ஆப்டிகல் இணைப்பு இருந்தால் இன்னும் நல்லது, அதில் போவது வெளிச்சம் என்பதால் எர்த் பிரச்சனைக்கே இடமில்லை. இரைச்சல் போகிறதே என்று பிளக்கின் எர்த் முள்ளை ஒடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம், அந்த முள் இருப்பது உயிருக்காக.

அடுத்தது 'கரகர'. வால்யூம் குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரவென்றால் உள்ளே தூசி. குமிழை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் இருபது முப்பது தடவை திருப்பினாலே பாதி சரியாகிவிடும், கான்டாக்ட் கிளீனர் ஒரு பீய்ச்சு அடித்தால் மீதியும். ஒரு பக்கம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்கிறதா? ஜாக்கை விரலால் லேசாக ஆட்டுங்கள். இடது வலது வயர்களை மாற்றிச் செருகி, கோளாறும் பக்கம் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் வயரோ கம்ப்யூட்டரோ, மாறாவிட்டால் ஸ்பீக்கரேதான்.

சரி, கோளாறு எதுவும் இல்லை, சத்தம்தான் பிடிக்கவில்லை, 'டப்பா மாதிரி இருக்கு' என்கிறீர்களா? அப்படியானால் முதலில் ஸ்பீக்கர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். எனக்குத் தெரிந்து பத்தில் எட்டு மேசைகளில் ஒரு ஸ்பீக்கர் மானிட்டருக்குப் பின்னால் பாதி மறைந்திருக்கும், இன்னொன்று சுவர் மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும், அதன் மேல் ஒரு பேனா டப்பா வேறு. உயர்ந்த சுருதி ஒலிகள் டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகப் போகிறவை. அவற்றைத் தரும் சின்ன வட்டமான ட்வீட்டர் உங்கள் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தால் காதுக்கு வருவது மிச்சம் மீதிதான், பேச்சில் 'ச', 'ஸ' எல்லாம் மழுங்கிப்போகும். நான்கு தடிப் புத்தகங்களை எடுத்து இரண்டு பக்கமும் அடுக்கி, ட்வீட்டர் காது உயரத்துக்கு வரும்படி ஸ்பீக்கரைத் தூக்கி வையுங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள தூரமும் ஒவ்வொன்றிலிருந்து உங்கள் தலைக்கு உள்ள தூரமும் ஏறக்குறைய சமமாக இருக்கட்டும். கொஞ்சம் உள்பக்கமாகத் திருப்பிவிடுங்கள். இப்போது உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பாட்டு ஒன்றைப் போட்டால் பாடுபவரின் குரல் நடுவில், மானிட்டர் இருக்கும் இடத்திலிருந்து வர வேண்டும். அப்படி வரும்போது பலர் சிரித்துவிடுவார்கள். இத்தனை நாள் இதே ஸ்பீக்கரிலா கேட்டோம் என்று.

குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கக் கலைந்த மாதிரி கேட்டு, பாஸும், அதாவது கனத்த அடி ஒலியும், காணாமல் போயிருந்தால், தனி வயர் போடும் ஸ்பீக்கர்களில் ஒன்றின் பிளஸ் மைனஸ் மாறியிருக்கலாம். ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்தால் பாஸ் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். இதற்கு நேர்மாறாக, பாஸ் கும்மென்று எல்லாவற்றையும் மூடினால் ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து, முக்கியமாக மூலையிலிருந்து, தள்ளி வையுங்கள். சுவரும் மூலையும் பாஸைத் தூக்கிக் கொடுக்கும். மேசையே சேர்ந்து அதிர்ந்தால் அடியில் கனமான ஸ்பான்ஜ் துண்டு.

கம்ப்யூட்டர் பக்கத்துத் தவறுகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். கேபினட் முன்பக்க ஜாக்கில் செருகுவது: உள்ளே நீளமான மெல்லிய வயர் வழியாக வருவதால் இரைச்சல் பிடிக்கும், அதைவிடப் பின்பக்கப் பச்சை ஜாக் நல்லது. செட்டிங்ஸில் யாரோ எப்போதோ போட்டுவிட்ட, ஒலியை மெருகேற்றுவதாகச் சொல்லும் 'என்ஹான்ஸ்மென்ட்' எல்லாம் அப்படியே ஓடிக்கொண்டிருப்பது: அணைத்துவிட்டுக் கேளுங்கள். கம்ப்யூட்டரில் வால்யூமை 20-இல் வைத்து ஸ்பீக்கர் குமிழை முழுசாகத் திருகுவது: 'ஸ்ஸ்ஸ்' என்று பின்னணியில் கேட்பதற்கு இதைவிடச் சிறந்த வழி கிடையாது, கம்ப்யூட்டரில் 80, 90 வைத்துவிட்டு ஸ்பீக்கரில் குறையுங்கள். ப்ளூடூத் ஸ்பீக்கரில் மைக்கும் சேர்ந்து இருந்தால், மீட்டிங் பேசும்போது அது பழைய டெலிபோன் மாதிரி ஆகிவிடலாம், மைக் ஓடும்போது ஒலி தரம் குறைந்த முறைக்கு மாறிவிடுகிறது என்பதுதான் காரணம். வீடியோவில் உதடு முன்னே, பேச்சு பின்னே வருவதும் ப்ளூடூத்தின் தாமதம்தான். மேசையில் அடி நீள வயர் போட முடிகிற இடத்தில் ப்ளூடூத் எதற்கு என்பது என் கட்சி.

இவ்வளவும் பார்த்துவிட்டுப் புதிது வாங்கலாம் என்று முடிவு செய்தவர்கள் நேராகப் போய் விழும் குழி வாட்ஸ். பெட்டியில் '1000 வாட்ஸ் பிஎம்பிஓ' என்று கொட்டை எழுத்தில் இருந்தால் அதைப் படிக்கவே வேண்டாம். கண நேர உச்ச சக்தி என்று சொல்லப்படும் அதை அளப்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட முறை எதுவும் இல்லை, விற்பவருக்குத் தோன்றியதுதான் கணக்கு. ஆர்எம்எஸ் என்று போட்டிருப்பதை, அதாவது தொடர்ந்து தரக்கூடிய சக்தியைப் பாருங்கள், அதையும் ரொம்ப மதிக்க வேண்டாம். வாட்ஸ் இரண்டு மடங்கானால் சத்தத்தை அளக்கும் அலகில் 3 டெசிபல்தான் கூடும், அது 'கொஞ்சம் கூடியிருக்கு போல' என்கிற அளவு. காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்ஸ். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் தரும் சாதாரண ஸ்பீக்கரை 70 சென்டிமீட்டரில் வைத்துக் கேட்டால் 88 அளவுக்கு வந்துவிடும். ஒரே ஒரு வாட்டில்! பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறவருக்கு 20 வாட்டுக்கும் 40 வாட்டுக்கும் நடுவே பணத்தைத் தவிர வேறு வித்தியாசம் பெரிதாக இல்லை.

அதே பெட்டியில் '20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்றும் இருக்கும். ஸ்பீக்கர் தரும் மிகத் தாழ்ந்த சுருதியும் மிக உயர்ந்த சுருதியும் அவை. பக்கத்தில் '±3 டெசிபல்' என்று சத்தம் எவ்வளவு ஏறி இறங்கலாம் என்பதற்கு ஒரு எல்லை இல்லை என்றால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை, 20 ஹெர்ட்ஸில் கொசு ரீங்காரம் அளவுக்கு ஏதோ வந்தாலும் வந்ததாகக் கணக்கு. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ். உள்ளங்கை அளவு கோன் (அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பு) வைத்த சின்னப் பெட்டி அந்த அடி ஒலியைத் தள்ளப் போதுமான காற்றை அசைக்க முடியாது, யார் பெயர் போட்டிருந்தாலும்.

அதனால் இரண்டு சின்னப் பெட்டிகளும் பாஸுக்கென்றே ஒரு சப்வூஃபர் பெட்டியும் சேர்ந்த 2.1 செட் வாங்கலாமா? பாஸ் வேண்டுமென்றால் வாங்கலாம், ஆனால் கேட்டு வாங்குங்கள். மலிவான செட்டுகளில் இரண்டு பக்கப் பெட்டிகளும் தீப்பெட்டி அளவில் இருக்கும், சப்வூஃபர் கீழே 'தும் தும்' என்று ஒரே சுருதியில் அடிக்கும், நடுவில் ஆண் குரலின் கனம் இருக்க வேண்டிய இடம் பள்ளமாகக் கிடக்கும். கடையில் அதிரடிப் பாட்டைப் போட்டுக் காட்டினால் இது தெரியாது, செய்தி வாசிக்கும் ஆண் குரல் ஒன்றைப் போடச் சொல்லுங்கள், உடனே குட்டு வெளிப்படும். இன்னொன்று, ராத்திரி மெதுவாகக் கேட்பவர்களுக்குப் பாஸ் குறைவாகத் தெரிவது ஸ்பீக்கரின் குற்றமே இல்லை. சத்தம் குறையக் குறைய நம் காது பாஸைத்தான் முதலில் கைவிடும், ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-இலேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். மெதுவாகக் கேட்கும் நேரத்தில் ஈக்வலைசரில் பாஸை இரண்டு மூன்று டெசிபல் ஏற்றிக்கொள்வதில் எந்தப் பாவமும் இல்லை.

இரண்டை ஒப்பிட்டுக் கேட்கும்போது எல்லோருமே ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சத்தம் ஒரு பொட்டு கூடுதலாக இருப்பது எதுவோ அதுதான் நல்லதாகத் தோன்றும். நானும் இதில் ஏமாந்தவன்தான். போனில் சத்தம் அளக்கும் ஆப் ஒன்றை உட்காரும் இடத்தில் வைத்து, இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிட்டுக் கேளுங்கள்.

ஸ்பீக்கரை மாற்றுவதற்குப் பதில் டிஜிட்டல் பாட்டை ஒலி சிக்னலாக மாற்றும் டிஏசி வாங்குவது, விலை கூடிய வயர் வாங்குவது, 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ் கோப்புகளைத் தேடி இறக்குவது, இதெல்லாம் கடைசி வரிசையில் வர வேண்டியவை. ஒலியை நொடிக்கு இத்தனை தடவை அளந்து பதிகிறது என்பதுதான் அந்த கிலோஹெர்ட்ஸ், அதில் பாதி சுருதி வரை பதியும். சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸே மனிதக் காதின் எல்லையான 20 கிலோஹெர்ட்ஸைத் தாண்டிப் பதிந்துவிடுகிறது. மதர்போர்டு ஜாக்கில் இரைச்சல் இருந்தால் மட்டும் சாதாரண யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று வாங்குங்கள். அப்புறம், அழகாக இருக்கிறதே என்று, சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் உள்ளே இல்லாத ஸ்பீக்கரை வாங்கி வந்து, பின்பக்கம் பவர் வயரையே காணோமே என்று திகைப்பவர்களும் இருக்கிறார்கள்.

மாற்றத்தான் வேண்டும் என்று எப்போது சொல்லலாம்? கையில் சுமாரான ஹெட்போன் இருந்தால் அதே ஜாக்கில் செருகி அதே பாட்டைக் கேளுங்கள். ஹெட்போனிலும் மோசமாக இருந்தால் பாட்டுக் கோப்போ கம்ப்யூட்டரோதான் காரணம். ஹெட்போனில் மூன்று குரல்கள் தனித்தனியாகக் கேட்டு, சரியான இடத்தில் தூக்கி வைத்த ஸ்பீக்கரில் அவை ஒரே கூழாக வந்தால், மாற்றுங்கள். கோனைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் விரல் பட்டதும் உதிர்ந்தாலும், குறிப்பிட்ட சுருதியில் மட்டும் பரபரவென்று அதிர்ந்தாலும் அதேதான், பெட்டி நல்லதாக இருந்தால் ஃபோமை மட்டும் மாற்றித் தருகிறவர்களும் உண்டு. நாள் முழுக்க மீட்டிங், அவ்வப்போது ஒரு வீடியோ என்று இருப்பவர் எதையும் மாற்ற வேண்டாம்.

வாங்கிய பிறகு திருப்பிக் கொடுக்கும் தேதி முடியும்வரை அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், உங்கள் மேசையில், உங்கள் சுவர் பக்கத்தில் வைத்துக் கேட்டால்தான் எதுவும் தெரியும். குறைந்த வால்யூமில் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். சில புதிய ஸ்பீக்கர்கள் மின்சாரம் மிச்சம் பிடிக்கத் தானாகத் தூங்கிவிடும், எழுந்திருக்கும்போது முதல் ஒரு நொடியை விழுங்கிவிடும், 'வணக்கம்' என்று ஆரம்பிக்கிறவரின் குரல் உங்களுக்கு 'க்கம்' என்றுதான் கேட்கும். என்னுடைய புதியது இந்த ரகம். பழையது இப்போது அடுத்த அறையில் இன்னொரு கம்ப்யூட்டரோடு இருக்கிறது, அங்கே உறுமவே இல்லை.